வேலை குறைந்தால் லோரியை நிறுத்திவிட்டால் நட்டம் வராதா?

பினாங்கின் பிறை ஊரிலிருந்து இதைக் கேட்டிருக்கிறீர்கள். நட்டம் வரும். லோரி நின்றாலும் வங்கித் தவணை, காப்புறுதி, சாலை வரி, ஓட்டுநரின் அடிப்படைச் சம்பளம் எதுவும் நிற்காது.

ஆனால் கழுத்தை நெரிப்பது கைப்பணத் தட்டுப்பாடுதான். டீசலுக்கு அன்றன்றே காசு; சரக்கேற்றிய வாடகை கைக்கு வர 60, 90 நாள். மந்தக் காலத்தில் அதையும் இழுத்தடிப்பார்கள். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. பழைய விலையிலேயே டீசல் போட அரசு தந்த மானிய அட்டையைப் பெற்ற சரக்கு வாகனங்கள் தப்பின. அட்டை இல்லாதவருக்கு 200 லிட்டருக்கே 240 ரிங்கிட் கூடுதலானது.

பட்டர்வொர்த்திலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்கேற்றிப் போய்க் காலியாகத் திரும்பினால், ஒரு வழி வாடகையில் இரு வழி டீசலும் டோலும் கட்ட வேண்டும். அந்த நேரத்தில் போட்டிக்காக வாடகையைக் குறைப்பவர்கள் அடுத்துக் கைவைப்பது டயரிலும் பிரேக்கிலும்தான். மூன்று அச்சு டிரெய்லரோடு சேர்த்து 22 டயர். தேய்ந்ததை மாற்றாமல் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பிரேக் காற்றுக் கலனில் தேங்கிய நீரை வடியுங்கள், டயரில் காற்றைக் குறையவிடாதீர்கள். வாரம் ஒருமுறை பேட்டரியை இணைத்து யார்டுக்குள் ஓட்டி பிரேக் பிடித்துப் பாருங்கள். நம் ஈரக்காற்றில் பிரேக் டிரம் சீக்கிரம் துருப்பிடிக்கும்.