அம்புக்குறிக்குள் என்ன நடக்குது?

அன்புள்ள ஐயா,
ஏ.எல் பயோ படிக்கிறேன். மூலக்கூறுக்குள் அணுக்கள் அசைவதை லேசரால் பார்க்கிறார்களாம். அது உண்மையில் பார்ப்பதா, கணக்குப் போட்டுச் சொல்வதா? எங்கள் முன்னோருக்கு இது தெரிந்திருக்குமா? இதை அறிந்து சோதினைக்கு என்ன பிரயோசனம் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் அந்த யோசனைதான்.
- ஒரு மாணவி, கொக்குவில்

அன்புள்ள பிள்ளைக்கு,

முன்னோரை விடுவம். அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

சோதினைப் பிரயோசனத்தை வீட்டார் கேட்கட்டும். நீயுமா? வாசித்ததும் எரிச்சல்தான் வந்தது.

1993. கரண்ட் இல்லாத யாழ்ப்பாணம், கிடுகுக் கொட்டிலில் ரியூசன். மாஸ்டர் பலகையில் இரசாயனச் சமன்பாடு எழுதினார்: இடப்பக்கம் தாக்கிகள், வலப்பக்கம் விளைவுகள், நடுவில் அம்பு. எழும்பி, "சேர், அந்த அம்புக்குள்ள என்ன நடக்குது?" என்றேன். "சோதினைக்கு வராது, இரும்." கொட்டிலே சிரித்தது. இருந்துவிட்டேன்.

அதற்கு ஆறு வருடம் முன்பே, 1987இல், கலிபோர்னியாவில் எகிப்திய இரசாயனவியலாளர் அகமது செவெய்லும் கூட்டாளிகளும் அந்த அம்புக்குள் போயிருந்தார்கள். அயடீன் சயனைட்டு என்ற மூலக்கூறில், அணுக்களுக்கு இடையிலான ஒரு பிணைப்பு அறுவதைப் பின்தொடர்ந்தார்கள். சுமார் 200 பெம்ரோசெக்கனில் முடிகிற விசயம். ஒரு செக்கனை ஒன்றுக்குப் பின்னால் 15 பூச்சியம் போட்டுப் பிரித்தால் ஒரு பெம்ரோசெக்கன். 1999இல் செவெய்லுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வேகத்துக்கு எந்தக் கமராவும் மூடித் திறக்காது. அதனால் வேறு வழி பிடித்தார்கள். ஒரே வேகத்தில் இரண்டு பேர் சைக்கிளில் ரவுணுக்குப் போகிறார்கள். ஒருவன் நேர் றோட்டால், மற்றவன் ஒழுங்கையால் சுத்தி. பிந்தி வருவான், இல்லையா? லேசர்த் துடிப்பையும், அதாவது மிகக் குறுகிய ஒளி வெட்டையும், அப்படித்தான் இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலாவது தாக்கத்தைத் தொடக்கிவிடும். கண்ணாடியை நகர்த்திச் சுத்துப்பாதையில் விட்ட இரண்டாவது, பிந்தி வந்து பார்க்கும். பாதை ஒரு மைக்ரோமீற்றர் கூடினால் 3.3 பெம்ரோசெக்கன் பிந்தும். கண்ணாடிதான் மணிக்கூடு! ஒவ்வொரு முறையும் புது மூலக்கூறுகள், வேறு பிந்தல். எல்லாவற்றையும் கோத்தால் அசைவு தெரியும். ஆகவே பார்ப்பதும்தான், கணக்கும்தான்.

மாஸ்டர் என்னை இருத்திய அன்றிரவு ஜாம் போத்தல் விளக்கில் கொப்பியை விரித்து அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளி பட்டதும் விழித்திரையில் வளைந்திருக்கும் ரெற்றினல் என்ற மூலக்கூறு நிமிர்கிறது. அதற்கும் ஏறத்தாழ 200 பெம்ரோசெக்கன்தான். இது எனக்குத் தெரியவர எத்தனையோ வருடம் ஆனது. நான் தேடிய அம்பு என் கண்ணுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மாஸ்டரின் கண்ணுக்குள்ளும்தான்.

நாளைக்கு உன் ரியூசனில் எழும்பிக் கேள். இப்போது என்ன சொல்லி இருத்துகிறார்கள் என்று எழுது, அறிய ஆசை.