ஷீல்டே இல்லாத வண்டிய வச்சுக்கிட்டு எப்படிண்ணே பொழைக்கிறது?

வழக்கம்போல நீங்க அனுப்புற வீடியோ கேம் கேள்விகள கலந்துகட்டிதான் போடலாம்னு இருந்தேன், பார்த்தா வந்ததுல பாதி ஒரே வண்டிய பத்தி. ரெண்டு பக்கமும் பெரிய பலகைய கட்டிக்கிட்டு நடுவுல பந்து மாதிரி ஒரு கேபின் வச்சிருக்குமே, ஸ்டார் வார்ஸ்ல வில்லன் கூட்டம் ஓட்டுற சின்ன போர் விண்கலம், அந்த டை ஃபைட்டர். சரி, இந்த தடவ பக்கம் மொத்தமும் அதுக்கே.

கேள்வி: 1994ல வந்த டை ஃபைட்டர் கேம இப்பத்தான் ஆட ஆரம்பிச்சேன். முதல்ல குடுக்குற வண்டில ஷீல்டு (அடி தாங்குற சக்திக் கவசம்) இல்ல, எதிரணியோட எக்ஸ்-விங் விண்கலம் எதிர்ல வந்து நாலு தட்டு தட்டினா அவ்வளவுதான். வண்டி மோசமா, நான் மோசமா?

கோவிச்சுக்காதீங்க, நீங்கதான். "எதிர்ல வந்து"ன்னு நீங்களே எழுதிட்டீங்க பாருங்க, தப்பு அங்கயே இருக்கு.

மொதல்ல கணக்க பாப்போம். டைல ரெண்டு லேசர், எக்ஸ்-விங்ல நாலு. அதுக்கு ஷீல்டு உண்டு, டார்பிடோ உண்டு, ஒளிய விட வேகமா பாய்ஞ்சு தப்பிக்கிற ஹைப்பர்டிரைவ் உண்டு, உங்களுக்கு இது எதுவுமே இல்ல. மடியில கனமில்லன்னா வழியில பயமில்லன்னு சொல்லுவாங்க, இங்க அப்படியே உல்டா, மடி காலியா இருக்குறதுதான் பயமே. நேருக்கு நேரா மூக்க காட்டிக்கிட்டு ரெண்டு பேரும் சுட்டுக்கிட்டா, அவன் ஷீல்டு கரையறதுக்குள்ள நீங்க பொடிப்பொடியா பறந்துட்டு இருப்பீங்க, இதுல திறமைக்கு வேலையே இல்ல, வெறும் கூட்டல் கழித்தல்தான்.

வேகத்துலயாவது முந்திடலாம்னா அதுவும் இல்ல. இந்த கேம் வரிசைல வேகத்த எம்ஜிஎல்டின்னு ஒரு அளவுல சொல்லுவாங்க, டைக்கு 100, எக்ஸ்-விங்குக்கும் அதே 100. எதிரணில இன்னும் ரெண்டு வண்டி இருக்கு: ஏ-விங் 120, அத துரத்தி பிடிக்கிறத மறந்துடுங்க. ஒய்-விங் மட்டும் 80, அது உங்களுக்குன்னே செஞ்ச இரை.

அப்போ இந்த வண்டிக்கு என்னதான் பலம்? திரும்புறது. சட்டுனு வளைஞ்சு எதிராளி முதுகுக்குப் பின்னாடி போய் ஒட்டிக்கும். அதனால எதிர்ல ஒருத்தன் வந்தா சுட நினைக்காதீங்க, பக்கவாட்டுல விலகி அவன கடந்து போக விடுங்க, அவன் தாண்டுற நேரத்துல திரும்ப ஆரம்பிங்க, பெரும்பாலும் அவனுக்கு முன்னாடி நீங்க திரும்பி முடிச்சிருப்பீங்க. பின்னாடி போனதும் நிறைய பேரு இன்னொரு தப்பு பண்றாங்க, ஃபுல் திராட்டில்லயே போய் அவன தாண்டிட்டு, இப்போ நம்ம முதுகு அவனுக்கு முன்னாடி இருக்கும், இதுக்குப் பேரு தானா போய் மாட்டிக்கிறது. என்டர் கீய தட்டினா எதிராளி வேகத்துக்கு உங்க வேகம் தானா இறங்கி நிக்கும். ஒய்-விங்க துரத்தும்போது இத மறந்தீங்கன்னா 20 எம்ஜிஎல்டி வித்தியாசத்துல அவன் மேலயே போய் முட்டுவீங்க, நான் முட்டியிருக்கேன், ஒரு தடவ இல்ல.

கேள்வி: லேசர் சீக்கிரமே தீர்ந்துடுது. சார்ஜ் ஏத்தினா வண்டி ஆமை மாதிரி போகுது. என்ன பண்றது?

எஃப்9 கீயத்தானே சொல்றீங்க? அது இன்ஜின் பவர்லேர்ந்து எடுத்துத்தான் லேசருக்கு ஊத்தும், ஒன்ன ஏத்தினா இன்னொன்னு இறங்கத்தான் செய்யும். ஆனா ஒரு விஷயத்த யாரும் கவனிக்கிறதில்ல. எக்ஸ்-விங் ஓட்டுறவன் அதே பவர லேசருக்கும் ஷீல்டுக்கும் சேர்த்து பங்கு பிரிக்கணும், உங்களுக்கு ஷீல்டுங்கிற செலவே கிடையாது. அவன் அடிவாங்கி ஷீல்ட ஏத்த ஆரம்பிச்சான்னா அவனோட 100 அந்த நேரத்துல 100 இல்ல. தாளுல சமமா இருக்குற வேகம் சண்டைல உங்க பக்கம் சாயுறது அப்படித்தான். தூரமா போகணும்னா லேசர் சார்ஜ இறக்கிட்டு ஓடுங்க, கிட்ட போறப்ப ஏத்துங்க. அப்புறம் தூரத்துலேர்ந்தே தீபாவளி மாதிரி சுட்டு தீர்க்காதீங்க, எக்ஸ் கீய தட்டி ரெண்டு லேசரையும் ஒண்ணா சேர்த்து வச்சுக்கிட்டு, பின்னாடி ஒட்டினதுக்கு அப்புறம் அளவா விடுங்க.

கேள்வி: எதிரிக்கு எல்லாத்தையும் குடுத்துட்டு ஆடுறவனுக்கு ஒண்ணுமில்லாத வண்டிய குடுக்குறது என்ன டிசைன்?

எனக்கு அந்த கேம்ல பிடிச்சதே அதுதான். இத செஞ்ச லாரன்ஸ் ஹாலண்ட் அதுக்கு முன்னாடி ரெண்டாம் உலகப்போர் விமான கேம்தான் பண்ணிக்கிட்டு இருந்தாரு. 1988ல வந்த பேட்டில்ஹாக்ஸ் 1942ல பசிபிக் சண்டை, ஒரு பக்கம் அமெரிக்க வைல்ட்கேட் விமானம், இன்னொரு பக்கம் ஜப்பானோட ஜீரோ விமானம். அந்த ஜீரோவ பாருங்க, எடைய குறைக்கணும்னு பைலட்டுக்கு கவசம் கிடையாது, குண்டு துளைச்சா தானா அடைச்சுக்குற பெட்ரோல் டேங்க்கும் கிடையாது. வளைஞ்சு திரும்புறதுல ராஜா, ஆனா சரியா நாலு குண்டு பட்டா தீப்பந்தம். டை ஃபைட்டர் ஓட்டுறப்பல்லாம் எனக்கு ஜீரோதான் ஞாபகம் வரும், இது என் கணிப்பு, அவரு சொன்னதில்ல.

அந்த ஜீரோவ சமாளிக்க அமெரிக்க கடற்படையில ஜான் தாச்னு ஒருத்தர் ஒரு வழி கண்டுபிடிச்சாரு. ரெண்டு விமானம் பக்கத்துல பக்கத்துல போகும், ஒண்ணோட வால ஜீரோ பிடிச்சா ரெண்டும் ஒண்ண நோக்கி ஒண்ணு திரும்பி குறுக்க கடக்கும், துரத்தி வந்தவன் நேரா இன்னொருத்தன் துப்பாக்கி முன்னாடி வந்து நிப்பான். தாச் வீவ்னு பேரு. இத நம்ம கேம்ல டைக்கு மாத்தி போடலாம்: வால்ல ஒருத்தன் ஒட்டிட்டான்னா நீங்களா குதிச்சு குதிச்சு தப்பிக்கப் பாக்காம, ஷிஃப்ட்டோட சி தட்டி கூட வர்றவன உதவிக்கு கூப்பிட்டு, அவன் இருக்குற பக்கமா திரும்புங்க. டை தனியா பறக்குற வண்டியே இல்ல, கூட்டமா வந்தாத்தான் அதுக்கு மரியாதை.

கேள்வி: படத்துல டை பறக்குறப்ப வர்ற அந்த ஊளை சத்தம் எப்படி வந்துச்சு?

யானை பிளிறலையும் ஈர ரோட்டுல கார் போற சத்தத்தையும் கலந்து பண்ணினாரு படத்தோட ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட். விண்வெளில சத்தம் கேக்காதேன்னு அடுத்த கேள்விய அனுப்பாதீங்க, தெரியும்.

கேள்வி: 2020ல வந்த ஸ்டார் வார்ஸ்: ஸ்குவாட்ரன்ஸ் கேம்லயும் டைதான் ஓட்டுறேன். ஷீல்டுக்கு பதிலா ஏதாவது குடுத்திருக்காங்களா?

குடுத்திருக்காங்க, ஆனா அத தொடாமலேயே பாதி பேரு செத்துடுறாங்க. எக்ஸ்-விங் ஷீல்ட முன்னாடியோ பின்னாடியோ குவிச்சு வச்சுக்கலாம், உங்களுக்கு அதுக்கு பதிலா பவர் மாத்துற வசதி, லேசர்ல இருக்குறத ஒரே தட்டுல இன்ஜினுக்கு தள்ளலாம், இல்ல இன்ஜின்ல இருக்குறத லேசருக்கு. அடி விழ ஆரம்பிச்சுதா, லேசர இன்ஜினுக்கு கொட்டி பூஸ்ட் அடிச்சு காணாம போங்க. ஆனா அந்தப் பக்கம் லேசர் வறண்டு கிடக்கும், போன சூட்டோட திரும்பி சண்டைக்கு வராதீங்க, கொஞ்சம் ஊற விடுங்க. இன்னொன்னு, இந்த கேம்ல பாதி திராட்டில்லதான் வண்டி நல்லா திரும்பும், ஃபுல்லா அழுத்திக்கிட்டே ஸ்டிக்க உடைக்கிறதுல பிரயோஜனம் இல்ல.

குறைன்னா ஷீல்ட விட எனக்கு பெருசா படுறது கண்ணுதான். கேபின் உள்ளேர்ந்து மட்டும்தான் பாக்க முடியும், ரெண்டு பக்கமும் சுவரு, ஜன்னல் முன்னாடி மட்டும். பக்கத்துலேர்ந்து வர்றவன ரேடார்ல பாக்கலைன்னா பாக்கவே போறதில்ல. எந்த வண்டிலயும் ரேடார பாக்கணும்தான், இதுல ரேடார்தான் கண்ணே.

கேள்வி: நான் எக்ஸ்-விங் ஆளு. டைய சுலபமா அடிக்க ஒரு வழி சொல்லுங்க.

திரும்புற போட்டிக்கு மட்டும் போகாதீங்க. ஷீல்ட முன்னாடி குவிச்சுக்கிட்டு அவன நேருக்கு நேரா வர வைங்க. மேல முதல் கேள்வி கேட்ட தம்பி இன்னும் அப்படித்தான் வருவாரு.