சேறு காய்ந்த பிறகு

கேள்வி: அமெரிக்காவில் டொர்னாடோ என்ற சுழல்காற்று, வெள்ளம் என்றால் தேவாலயங்கள் சாப்பாடு போடுவதோடு சரியா?

பதில்: இல்லை, பெரிய வேலையே அப்புறம்தான். 2021 டிசம்பர் 10 இரவு கென்டக்கியின் மேஃபீல்டு ஊரை டொர்னாடோ சிதைத்தபோது நகர மையத்துத் தேவாலயங்களே இடிந்து விழுந்தன. அடுத்த ஜூலையில் அதே மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில் வெள்ளம். இப்படித் தண்ணீர் புகுந்த வீடுகளில் சேற்றை வாரி, ஊறிப்போன சுவர்ப்பலகையைப் பெயர்த்து, பூஞ்சை பிடிக்குமுன் மரச்சட்டத்தைக் காயவைப்பார்கள், மஞ்சள் சட்டை போட்ட, சதர்ன் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபைப் பிரிவின் தொண்டர்கள். 1950-ல் கான்சாஸில் தொடங்கிய மெனனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பேரிடர் சேவை அமைப்பு வீடே கட்டித் தருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது, பல சபைக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, காப்பீடும் அரசுப் பணமும் போதாத குடும்பத்துக்கு ஒருவர் கூரைத் தகடு, ஒருவர் தச்சு வேலை என்று பங்கிட்டுக்கொள்வதுதான்.