வானத்தின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஏன்?

கே: படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் வானத்தை அடர்த்தியாக்கினால் மலை விளிம்பில் வெள்ளைக் கோடு விழுகிறது. நீலமும் பட்டை பட்டையாகப் பிரிகிறது. எப்படிச் சரிசெய்வது?

ப: இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். கோட்டுக்குக் காரணம், பெரும்பாலும் கிளாரிட்டியையும் (துலக்கத்தைக் கூட்டுவது) டீஹேஸையும் (மங்கலை நீக்குவது) அளவுக்கு மீறி ஏற்றுவதுதான். முதலில் படம் முழுவதற்கும் ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகளின் ஒளி) -50 வரை இறக்குங்கள். பிறகு, ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து திருத்தும் மாஸ்கிங்கில் 'செலக்ட் ஸ்கை' கொடுத்து, எக்ஸ்போஷர் (மொத்த வெளிச்சம்) -0.5, டீஹேஸ் +10 என்ற அளவில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் வானம் மழைக்கு இருட்டியதுபோல இருக்கும், தரையோ வெயிலில் கிடக்கும். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி விளிம்பைப் பாருங்கள். கிளைகளின் இடுக்கில் மாஸ்க் எட்டாத இடங்கள் வெளிறித் தெரியும். அங்கே பிரஷ்ஷின் ஃப்ளோவை (ஒரு தீற்றலில் படியும் அளவு) 30க்குள் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

பட்டைகள் வருவது ஜேபெக் கோப்பால். 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு. கேமரா பதிந்த தகவலை வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384. எனவே ராவில் எடுங்கள். கையில் ஜேபெக் மட்டுமே இருந்தால், நீலத்தின் லூமினன்ஸை (ஒளிர்வு) அதிகம் குறைக்காதீர்கள். கிரெய்ன் (பொடிப் புள்ளிகள்) 10 முதல் 15 வரை சேர்த்தால் பட்டைகள் ஓரளவு மறையும்.

கே: வெளுத்துப்போன வானத்தை மீட்க முடியுமா?

ப: லைட்ரூம் கிளாசிக்கின் டெவலப் பகுதியில் 'ஜே' விசையை அழுத்துங்கள். வெளுத்த இடங்கள் சிவப்பாகும். ஹைலைட்ஸை -100க்கு இறக்கியும் சிவப்பு போகவில்லையென்றால் அங்கே விவரமே பதிவாகவில்லை. வேறு வானத்தை ஒட்டலாம். ஆனால் நிழல் விழும் திசை காட்டிக்கொடுத்துவிடும்.