கணக்கின் நடுவே நழுவும் கவனம்

தங்கள் மகன் இருபத்திரண்டு வயதாகியும் ஒரு கணக்கை முழுதாகப் போட்டு முடிப்பதில்லை, ஆகவே எண்களோடு புழங்கும் வேலை எதுவும் அவருக்கு ஒத்துவராது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவு சற்று அவசரமானது என்றே கருதுகிறேன்.

சிக்கலான கணக்கில் ஈடுபடும்போது, நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியும் உச்சிப்பக்கத்துப் பகுதியும் சேர்ந்து இயங்கி, இடையில் கிடைக்கும் விடைகளை நினைவில் நிறுத்தி வைக்கின்றன. மனம் பழைய நினைவுகளிலும் கற்பனையிலும் உலவும்போது மும்முரமாகும் வலையமைப்பு வேறு. 2001-இல் மார்கஸ் ரெய்ச்லும் உடன் ஆய்ந்தோரும் மூளையின் 'இயல்புநிலை' என்று விவரித்தது அதைத்தான். முன்னது ஓங்கும்போது பின்னது அடங்க வேண்டும். கவனக்குறைவு மிகுந்தவர்களிடம் அது போதிய அளவு அடங்காமல் வேலைக்கு நடுவே தலைகாட்டுகிறது என்ற கருதுகோளை 2007-இல் சோனுகா-பார்க்கும் காஸ்டெலானோஸும் முன்வைத்தனர். மூன்றாம் வரியில் ஈவை எழுதிய கையோடு மீதி எவ்வளவு என்பது மறந்துபோய், தங்கள் மகன் மறுபடியும் முதல் வரிக்குத் திரும்புவது சோம்பலால் என்று சொல்லிவிட முடியாது.

இது கவனக்குறைபாடு (ADHD) என்னும் கோளாறா என்பது ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குச் செலவிட வேண்டாம். ஆய்வுகள் காட்டுபவை பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி வேறுபாடுகளே. தனியொருவரின் படத்தைக் கொண்டு கவனக்குறைபாட்டை உறுதிசெய்ய இயலாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா என்று மனநல மருத்துவர் விசாரிப்பார் என்பதால், பழைய மதிப்பெண் அட்டைகளில் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளே (பரணில் கிடந்தாலும் தேடி எடுங்கள்) அதிகம் உதவும். தூக்கக் குறைவும் மனப்பதற்றமும்கூட இதே தோற்றத்தைத் தரும்.

வேலையைப் பொறுத்தவரை, 2006-இல் ஹாலி வைட்டும் பிரீத்தி ஷாவும் வெளியிட்ட ஆய்வில், கவனக்குறைபாடுள்ள பெரியவர்கள் ஒரு பொருளுக்குப் பல புதிய பயன்களைச் சொல்வதில் முந்தினர். மூன்று சொற்களை இணைக்கும் ஒற்றைச் சொல்லைக் கண்டுபிடிப்பதில் பின்தங்கினர். ஆகையால் எந்தத் துறை என்பதைவிட, அத்துறைக்குள் எவ்வகைப் பணி என்பதே நம் கேள்வி. தரவுகளை வரைபடமாக்குவதும், பிழை எங்கே என்று துருவுவதும், மணிக்கணக்கில் பதிவேட்டை ஒப்பிடுவதும் எண்களோடு செய்யும் வேலைகள்தான் என்றாலும், மூன்றும் ஒன்றல்ல.

இரண்டு வாரங்களுக்கு அவர் ஒவ்வொரு இடைவிடையையும் தாளிலேயே எழுதட்டும். எந்த வரியில், எந்த நேரத்தில் கவனம் நழுவியது என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த சந்திப்புக்கு அந்தத் தாள்களோடு வரச் சொல்லுங்கள். முதல் அரை மணி நேரம் அவரோடு மட்டும் பேச விரும்புகிறேன்.