குடியை விட்ட பிறகும் கணைய வலி ஏன் தொடர்கிறது?

பல வருடக் குடியை நிறுத்தியும் வலி போகவில்லை, உடம்பும் இளைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் இருக்கும், செரிமான நீர் சுரக்கும் உறுப்பு. குடியால் அதில் விழுந்த தழும்பு குடியை விட்டதும் மறைந்துவிடாது. அதனால்தான் சாப்பிட்டதும் மேல்வயிற்றில் கிளம்பும் வலி முதுகுவரை பாய்கிறது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும்.

மலம் எண்ணெய்ப் பிசுக்காக, கடும் நாற்றத்தோடு மிதக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் பெரும்பாலும் கொழுப்பு செரிக்காமல் போகிறது, இளைப்பதற்கும் அது காரணமாக இருக்கலாம். டாக்டர் செரிமானத்துக்கு உதவும் என்சைம் கேப்சூல் எழுதித் தந்தால் வெறும் வயிற்றில் போடாதீர்கள், சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். சர்க்கரையையும் பரிசோதியுங்கள், இன்சுலின் சுரப்பதும் இதே கணையம்தான்.

அப்புறம், பீடி சிகரெட் இருந்தால் தயவுசெய்து விடுங்கள். அதுவும் கணையத்தைக் கெடுக்கும். வலி விடாமல் அடித்து, வாந்தியோ காய்ச்சலோ சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.