கொப்பிக்கடைக்கு 'ஏ'யா, 'ஈ'யா?

அன்புள்ள அக்காவுக்கு,

களுவாஞ்சிகுடியில் அப்பாவின் கொப்பிக்கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன். புதுப் போட் அடித்து மாட்டினோம். ஆங்கிலத்தில் 'ஸ்டேஷனரி'யின் முடிவில், 'ஆர்' எழுத்துக்கு முன்னால் 'ஏ' போட்டுவிட்டோம். 'ஈ' வரவேணுமாம். ரியூசன் சேர் ஒருவர் பொடியன்மாருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார். கல்முனைப் பக்கமும் 'ஏ' போட்ட போட்டுகளைக் கண்டிருக்கிறேன். எல்லாரும் பிழையா? கழற்ற வேணுமா?

– ஒரு வாசகன், களுவாஞ்சிகுடி

தம்பி,

சேர் சொன்னது சரி. கொப்பி, பேனை, பிரிஸ்டல் போட் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லும் சொல்லுக்கு 'ஈ'. 'ஏ' போட்டால் அசையாமல் நிற்பது என்று பொருள். றோட்டோரம் நிற்கிற லொறிக்கும், ஜிம்மில் எவ்வளவு மிதித்தாலும் ஓரடி நகராத சைக்கிளுக்கும் அந்த 'ஏ'தான். உங்கள் போட்டின்படி உங்களுடையது நகராத கடை. அதுவும் பொய்யில்லையே!

காதை நம்பி இதை எழுத முடியாது. அழுத்தம் விழாத இடத்தில் ஆங்கிலேயர் உயிரொலியை விழுங்கிவிடுவார்கள். இரண்டு சொல்லும் ஒரே மாதிரித்தான் கேட்கும். லைப்ரரி, டிக்ஷனரி, செக்ரட்டரி என்று எழுதிப் பழகிய கை தானாகவே 'ஏ'க்குப் போய்விடுகிறது. என்வலப்பில் 'ஈ' இருக்கிறது, அதை நினைத்துக்கொள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். எனக்கு அதைவிட வியாபாரியைப் பிடிப்பது பிடிக்கும். பேக்கர் நடத்துவது பேக்கரி, குரோசர் விற்பது குரோசரி, ஸ்டேஷனர் விற்பது ஸ்டேஷனரி. மூன்றிலும் ஆளின் பெயரில் உள்ள 'ஈ' அப்படியே சரக்குக்கும் வருகிறது.

அந்த ஸ்டேஷனர் யார் என்பதில்தான் வேடிக்கை. நடுக்கால ஐரோப்பாவில் ஊரூராய் அலைந்து விற்றவர்கள் நடுவே, பல்கலைக்கழகங்களை அண்டி நிலையான இடத்தில் புத்தக வியாபாரம் செய்தவரை லத்தீனில் 'ஸ்டாட்டியோனாரியுஸ்' என்றார்கள். ஓரிடத்தில் நிற்பவர் என்ற கருத்துத்தான். லண்டனில் இவர்கள் 1403இல் சங்கமாகச் சேர்ந்தார்கள். 1557இல் அரச பட்டயம் கிடைத்து, அச்சுத் தொழிலே அந்தச் சங்கத்தின் பிடிக்குள் போனது. பிறகு இவர்கள் விற்ற தாளுக்கும் மைக்கும் பேனைக்கும் இவர்கள் பெயரே ஒட்டிக்கொண்டது. ஆக, 'ஏ'யும் 'ஈ'யும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். சேரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சோதனைத் தாளில் புள்ளி மட்டும் கிடைக்காது.

தமிழ் வரியில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே? கந்தோர்க் கடிதங்களில் வரும் 'காகிதாதிகள்' எனக்குப் பிடித்த சொல். காகிதம் முதலானவை என்று பொருள்.

போட்டைக் கழற்ற வேண்டாம். ஆனால் அப்படியே விடவும் வேண்டாம். கொப்பி வாங்க வருகிற பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துத்தான் எழுத்துக்கூட்டுவார்கள். ஸ்டிக்கர் வெட்டுகிற கடையில் அதே நிறத்தில், அதே அளவில் ஒரு 'ஈ' வெட்டித் தரச் சொல்லி மேலே ஒட்டிவிடுங்கள். அடியில் உள்ள 'ஏ' தெரியாதபடி பின்னணி நிறத்தையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள்.